திபெத்தைச் சுற்றி ஒரு குருவி

மழைக்காலம் தொடங்கும் முன்பே நம் தோப்புகளுக்கு வந்துவிடும் பச்சைக் கதிர்க்குருவி யாருடைய கண்ணிலும் எளிதில் படாது. எடை ஏறக்குறைய எட்டு கிராம். இலையோடு இலையாகக் கலந்துபோகும் மங்கிய பச்சை, கண்ணுக்கு மேலே வெளிர்ந்த புருவக்கோடு, சிறகில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று. இலையின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்துப் புழுவைக் கொத்திவிட்டு உடனே அடுத்த கிளைக்குத் தாவிவிடும். இடையிடையே ‘ட்சிலி’ என்று இரண்டசையில் ஒரு குரல் கேட்கும். தன் எல்லைக்குள் இன்னொரு கதிர்க்குருவி நுழையக்கூடாது என்பதற்கான எச்சரிக்கை அது. பார்வைக்கு இவ்வளவு எளிய இந்தப் பறவை, ஓர் இனம் இரண்டாகப் பிரிவது எப்படி என்ற கேள்விக்கு உயிருள்ள சாட்சி என்பது என் துணிபு. பிரிந்துபோன இனங்களுக்கு இடைப்பட்ட வடிவங்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்று டார்வினே 1859இல் கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் அவை அழிந்துவிடுகின்றன. இந்தக் குருவியிலோ அவை இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.

மரமற்ற திபெத் பீடபூமியில் இந்தக் குருவியால் வாழ முடியாது. ஆகவே கோடையில் அதைச் சுற்றியுள்ள காடுகளில் கூடுகட்டுகிறது. இமயமலையிலிருந்து ஒரு கிளை மேற்கே மத்திய ஆசியா வழியாகவும், மற்றொன்று கிழக்கே சீனா வழியாகவும் வடக்கு நோக்கிப் பரவி, இரண்டும் சைபீரியாவில் சந்திக்கின்றன. 1938இல் பறவையியலாளர் டைஸ்ஹர்ஸ்ட் சுட்டிக்காட்டிய இந்த வளையத்தை, டேரன் இர்வின், ஸ்டஃபான் பென்ஷ், ட்ரெவர் பிரைஸ் மூவரும் 2001இல் பாட்டையும் மரபணுவையும் கொண்டு விரிவாக ஆராய்ந்தார்கள். இமயத்தில் பாட்டு சிறியது, எளியது. வடக்கே போகப்போக இரண்டு பக்கங்களிலும் அது நீள்கிறது, சிக்கலாகிறது. ஆனால் வெவ்வேறு விதமாக. அடுத்தடுத்த காடுகளுக்கிடையே வேறுபாடு சிறிதுதான். சைபீரியாவில் இருமுனைகளும் எதிர்ப்படும்போதோ, ஒன்றின் பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டால் மற்றதன் ஆண் பறவை பொருட்படுத்துவதே இல்லை. மேற்கத்தியதன் சிறகில் ஒரு கீற்று, கிழக்கத்தியதில் இரண்டு.

பாட்டு மட்டுமே இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறதா? வலசைக்கும் பங்கு இருக்கலாம். சைபீரியாவின் மேற்குக் குருவிகள் பீடபூமியின் மேற்குப் பக்கமாகச் சுற்றி இந்தியாவுக்கு வருகின்றன. கிழக்குக் குருவிகள் சீனா வழியே தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகின்றன. இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சு எந்தத் திசையில் பறக்கும்? ஐரோப்பாவின் கருந்தொப்பிக் கதிர்க்குருவிகளில் திசை வேறுபட்ட பெற்றோரை இணைசேர்த்துப் பார்த்தபோது, குஞ்சுகள் இரண்டுக்கும் நடுவான திசையையே நாடின. இங்கே அந்த நடுத்திசையில் இருப்பவை பாலைவனமும் திபெத்தும். அப்படிப் புறப்படும் குஞ்சு பிழைப்பது அரிது. இக்குருவியில் இது இன்னும் கருதுகோள்தான் என்றாலும், குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்பதும் இனப்பிரிவைத் தீர்மானிக்கலாம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இந்த வளையம் அவ்வளவு முழுமையானதல்ல என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 2014இல் மரபணுத் தொகுதியை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தபோது, வளையம் கடந்த காலத்தில் இடையிடையே அறுபட்டிருந்ததும், சைபீரியாவில் சிறிதளவு கலப்பு நடந்திருப்பதும் தெரியவந்தன. தடையே இல்லாமல் ஓர் இனம் இரண்டானது என்ற பாடநூல் கதையைத் திருத்தித்தான் ஆகவேண்டும். கிழக்கு வடிவத்தைச் சில வகைப்பாட்டாளர்கள் தனி இனமாகவே எண்ணுகிறார்கள். ஆனால் எங்கே கோடு கிழிப்பது என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போகாதது என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. பிரிவு ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. பாட்டில் ஒரு வேகத்திலும், சிறகில் வேறொரு வேகத்திலும், மரபணுவில் இன்னொரு வேகத்திலும் நடக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு இமயம் முதல் சைபீரியா வரை காடு காடாகப் பரந்து கிடப்பதால்தான் நம்மால் அதை அளக்க முடிகிறது.

வட சீனாவில் காடுகள் அழிந்ததால் வளையத்தின் கிழக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. எஞ்சிய இடைப்பட்ட காடுகளும் போனால், இரண்டு முனைகள் மட்டுமே மிஞ்சும். அவை ஒன்றாக இருந்ததற்கான சான்று அழிந்துபோகும். அந்தக் காடுகளைக் காப்பது அந்தந்த நாடுகளின் கையில். குளிர்காலத்தில் இக்குருவி புழு பொறுக்கும் மரங்களை வெட்டாமலும், அவற்றில் பூச்சிமருந்து அடிக்காமலும் இருப்பது நம் கையில்.