பிரம்பை எடுக்குமுன்

ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில், எந்த வகுப்பை எடுத்தாலும் 'வால்' என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒன்று இருக்கும். இருந்த இடத்தில் இராது. கேள்வி முடியுமுன் பதில் சொல்லும். எழுதத் தொடங்கியதைப் பாதியில் விட்டுவிடும். இத்தகைய பிள்ளைகளில் சிலருக்கு, இந்தத் தடுமாற்றம் தாயின் வயிற்றிலேயே தொடங்கியிருக்கலாம்.

கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி அயடீனைக் கொண்டு ஹோர்மோன் சுரக்கிறது. சிசுவின் மூளைக் கலங்கள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர அந்த ஹோர்மோன் வேண்டும். சிசுவின் சொந்தச் சுரப்பி சுமார் 12 வாரத்துக்குப் பிறகுதான் வேலை தொடங்கும். அதுவரை தாய் கொடுப்பதே கதி. கனடா உளவியலாளர் ஜோன் ரொவெட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஹோர்மோன் குறைந்தால் கண்ணால் பார்ப்பதில் கவனம் நிலைக்காது என்றும், பிறந்தபின் குறைந்தால் மொழியும் ஞாபகமும் அடிபடும் என்றும் அவர் காட்டினார்.

இத்தாலியின் சிசிலித் தீவில் அயடீன் குறைந்த பகுதியில் பிறந்த 16 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 11 பேருக்குக் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு இருந்தது. அயடீன் ஓரளவு கிடைத்த பக்கத்துப் பகுதியின் 11 பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை. 2004இல் வெளியான இந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் மலைநாட்டில் இருக்கும் நாம் இதைத் தள்ளிவிட முடியாது.

இலங்கையில் 1986இல் தொடங்கிய பாடசாலை ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 19 பிள்ளைகளுக்கு, அயடீன் குறைவைக் காட்டும் கழுத்துக் கழலை காணப்பட்டது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. பெரிய மாற்றம் அது. ஆனால் லயத்து அடுப்படியில் திறந்த சிரட்டையில் ஈரம் குடித்துக் கிடக்கும் உப்பிலும், கழுவி எடுக்கும் கல்லுப்பிலும் அந்த அயடீன் கரைந்து போகிறது. தோட்டப் பெண்களை வாட்டும் இரத்தச்சோகையும் சேர்ந்துகொள்கிறது: இரும்புச்சத்து குறைந்தால் தைரொயிட் ஹோர்மோன் சுரப்பதும் தடைப்படும். தைரொயிட் குறைவுக்காகத் தைரொக்சின் குளிசை குடிக்கும் தாய், கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறோம்?

பிறவியிலேயே சுரப்பி சரியாக வேலை செய்யாத பிள்ளைகளும் உண்டு. 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒருவர். குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு இரத்தம் அதைக் காட்டிவிடும். இந்தச் சோதனை 1974இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கியது. இலங்கையில் 2010இல் தென் மாகாணத்தில் ஆரம்பித்துப் பிறகு விரிந்தது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள். சிலருக்குக் கவனத்தில் சிறு குறை மிஞ்சும். அவர்களுக்குப் பொறுமையான ஆசிரியர் வேண்டும்.

எல்லா வாலுக்கும் தைரொயிட் காரணம் அல்ல. காரணம் எதுவானாலும் பிரம்பு மருந்தாகாது.

கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்று தயங்கும் தங்கைமாரே, மாதவிடாய் தள்ளிப்போன உடனே குடும்பநல மாதுவிடம் பதிந்துகொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கழலை இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். உப்பை மூடி போட்ட போத்தலில் வையுங்கள். பிள்ளை பிறந்ததும், குதிகால் இரத்தம் எடுத்தாயிற்றா என்று கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள்.