வரிசை கலைந்த மதிப்பெண்கள்

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை 52 விடைத்தாள்களையும் மதிப்பெண் வரிசையில் அடுக்கிவிட்டேன். முதல் மூன்று இடம் யாருக்கு என்று தெரிந்தது. ஆனால் பதிவெண் வரிசை போயே போய்விட்டது! பதிவேட்டில் ஏற்றுவதற்காக மறுபடியும் முதலிலிருந்து அடுக்கினேன். நல்லவேளை, ஒவ்வொரு தாளிலும் பதிவெண் இருந்தது.

போன மாதம் என் பேத்திக்கும் இதே கதைதான், கணினியில். அவள் 'பைத்தான்' கற்கிறாள். மலைப்பாம்பு அல்ல! நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட கணினி மொழி. ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

அதில் பல எண்களையோ பெயர்களையோ சேர்த்து வைக்கும் தொகுப்புக்கு 'லிஸ்ட்' என்று பெயர். அதாவது பட்டியல். பட்டியலுக்குக் குட்டி உதவியாளர்கள் உண்டு. கடைசியில் ஒன்றைச் சேர்க்க 'அப்பெண்ட்', ஓர் எண் எத்தனை முறை வருகிறது என்று சொல்ல 'கவுண்ட்', தலைகீழாகத் திருப்ப 'ரிவர்ஸ்'. வரிசைப்படுத்த மட்டும் இரண்டு பேர்: 'சார்ட்', 'சார்ட்டட்'. பெயர் அண்ணன் தம்பி போல, குணம் வேறு!

பேத்தி, பதிவெண் வரிசையில் 78, 45, 91 என்று மதிப்பெண்களைப் போட்டு 'சார்ட்'டைக் கூப்பிட்டாள். அது அந்தப் பட்டியலையே மாற்றி 45, 78, 91 ஆக்கிவிட்டது. இப்போது முதல் பதிவெண்காரருக்கு 45! பாவம், அவர் வாங்கியது 78 அல்லவா? விடைத்தாள் போல இங்கே எண்ணின் மேல் யார் பெயரும் இல்லை. பழைய வரிசை திரும்பாது.

மறுபடி எண்களைத் தட்டினாள். இம்முறை, 'சார்ட்' தரும் விடையை அதே பட்டியலின் பெயரில் சேமித்தாள். "தாத்தா, எல்லா மார்க்கும் காணோம்!" என்று அலறல். திரையில் 'நன்' என்று மட்டும் இருந்தது. 'ஒன்றுமில்லை' என்று பொருள். 'சார்ட்' வேலையை முடிக்கும். கையில் எதையும் தராது. அந்த 'ஒன்றுமில்லை' பட்டியலின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரியவர்களே தடுக்கி விழும் இடம் இது!

'சார்ட்டட்' உங்கள் பட்டியலைத் தொடாது. அடுக்கிய புதிய பட்டியல் ஒன்றைத் தனியாகத் தரும். 2004-இல் வந்த 2.4 பதிப்பில்தான் இது சேர்ந்தது. அதற்கு முன், படியெடுத்து வைத்துக்கொண்டுதான் அடுக்க வேண்டும். இப்போது பேத்தியிடம் பதிவெண்ணுக்கு ஒரு பட்டியல், மதிப்பெண்ணுக்கு ஒரு பட்டியல்.

உங்களுக்கு ஒரு புதிர். 45, 78, 100 ஆகியவற்றை மேற்கோள் குறிக்குள் எழுத்துகளாகக் கொடுத்து அடுக்கச் சொன்னால், 100 முதலில் வந்து நிற்கும். ஏன்? அகராதியில் சொற்கள் எப்படி வரிசையாக வருகின்றன என்று பாருங்கள்!