குடும்ப நோய் வரலாறு: தத்தெடுத்த பெற்றோருக்கு

‘குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா?’ புறநோயாளிப் பிரிவில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் இக்கேள்வி தத்தெடுத்த பெற்றோரைத் திகைக்க வைப்பதுண்டு. சிலர் கூச்சத்தால் தங்கள் குடும்பத்து நோய்களையே கூறிவிடுகின்றனர். அது எங்களைத் தவறான வழியில் இட்டுச்செல்லும். ‘தத்துப் பிள்ளை, தெரியாது’ என்பதே எங்களுக்குப் பயன்படும் விடை. குழந்தையின் முன்னிலையில் கூற விரும்பாதோர் தனியே கூறலாம்.

நாடு கடந்த தத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. பெற்ற குடும்பத்தின் மருத்துவ வரலாறும் குழந்தையைப் பற்றிய அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்கிறது அது. ஆனால் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்கு அதை யார் எழுதுவது? அயல்நாட்டில் வாழும் பெற்றோர், வெளிநாடுவாழ் தமிழர் உட்பட, சில பக்க அறிக்கையை நம்பியே முடிவெடுக்கின்றனர். அதிலுள்ள ஒரு வரி அவர்களைக் கலங்கடித்துவிடலாம்.

சான்றாக, எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் தாயிடமிருந்து வந்து 18 மாதம் வரையிலும் குழந்தையின் இரத்தத்தில் தங்கக்கூடும். அது காணப்பட்டதாலேயே குழந்தைக்குத் தொற்று உண்டு என்று பொருளில்லை; வைரஸையே நேரடியாகக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தேவை. இதை விளக்கிச் சொல்ல ஒரு மருத்துவர் அருகில் இல்லாமையால் தத்து முறிந்துபோவது பெருந்துயரம்.

தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் நடைபெறும் கண்காணிப்பைப் பெற்றோர் சிலர் தம்மீதான ஐயமாகக் கருதுகின்றனர். அது விரைவில் முடிந்துவிடுகிறதே என்பதுதான் எங்கள் குறை. பரம்பரை பற்றிய கேள்விகள் பெரும்பாலும் பதின்பருவத்திலேயே எழுகின்றன. தத்து நிறுவனத்தின் பெயரும் கோப்பு எண்ணும் கொண்ட தாளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் பிறப்புக் குடும்பத்தின் மருத்துவ விவரத்தைத் தேட நேர்ந்தால், அத்தாளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.