விளையாட்டுப் பெட்டியின் விசாரணை

பிள்ளையார்பாளையத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வைகாசிக் கருட சேவைக்கு வருஷந்தோறும் போய் எடுத்த வீடியோக்களும், 2019-இல் அத்தி வரதர் 48 நாள் சேவை சாதித்தபோது வீதிகளில் திரண்ட ஜனக்கூட்டத்தின் காட்சிகளும் அவருடைய லேப்டாப்பில் இருக்கின்றனவாம், கூடத்து டி.வி.யின் அடியில், பிள்ளைகள் ஆடி அலுத்த ப்ளேஸ்டேஷன் 3 ஒன்று சும்மா கிடக்கிறதாம்; இரண்டையும் எச்.டி.எம்.ஐ. கேபிளால் பிணைத்தும் ஒன்றும் தெரியவில்லையே என்பது அவருடைய விசாரம்.

தெரியாது. இரண்டு யந்திரங்களிலும் உள்ள அந்தத் துவாரம் படத்தை வெளியே அனுப்புவதற்கென்றே ஏற்பட்டது. வாங்கிக்கொள்ளும் துவாரம் டி.வி.யில் இருக்கிறது. ஆகவே கேபிள் கன்சோலுக்கும் டி.வி.க்கும் இடையிலேயே இருக்கட்டும். லேப்டாப்பையும் கன்சோலையும் ஒரே வைஃபையில் சேர்த்து, விண்டோஸில் மீடியா ஸ்ட்ரீமிங்கை அனுமதித்துவிட்டால், லேப்டாப்பிலுள்ள கோப்பைக் கன்சோல் சிறிது சிறிதாக வாங்கி டி.வி.யில் ஓட்டும், வெளி இன்டர்நெட் அறுந்து கிடந்தாலும், வீட்டு ரௌட்டர் இயங்கினால் காரியம் நடக்கும். சோனி, இன்டெல் முதலிய கம்பெனிகள் 2003-இல் கூடி வகுத்த டி.எல்.என்.ஏ. என்னும் பொது ஏற்பாடே இதற்கு ஆதாரம்.

இதிலெல்லாம் எனக்கு ஆச்சரியமாயிருப்பது, முன்பின் அறியாத லேப்டாப்பைக் கன்சோல் கண்டுபிடிக்கும் விதந்தான். 239.255.255.250 என்று ஒரு விலாசம் உண்டு. அங்கே எந்த யந்திரமும் குடியிருப்பதில்லை. ஆயினும் இவ்வகைச் சாதனங்கள் யாவும் அந்த விலாசத்துக்கு வரும் செய்திக்குக் காது கொடுத்தபடி இருக்கும். "படம் வழங்குவோர் உண்டா?" என்று கன்சோல் அங்கே ஒரு குரல் விடுகிறது, விடும்போதே, இத்தனை விநாடிக்குள் பதில் வேண்டும் என்று ஒரு கெடுவையும் சேர்த்து அனுப்புகிறது. கேட்ட சாதனங்கள் உடனே கூவிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் அக்கெடுவுக்குள் மனம்போனபடி ஒரு கணத்தைப் பொறுக்கியெடுத்து, அதுவரை பொறுத்திருந்து, பிறகு கேட்டவருக்கு மட்டும் விடை சொல்கிறது. சிறு பிராயத்தில் தகப்பனாருடன் நெசவாளர் சங்கத்துக்குப் போவேன். ஜரிகை யாருக்கு வேண்டும் என்று குமாஸ்தா வாயெடுத்த மாத்திரத்தில் அத்தனை தறிக்காரர்களும் ஒருமிக்கக் குரலெழுப்ப, ஒருவர் பெயரும் காதில் விழாமல் அவர் முதலிலிருந்து கேட்பார். அந்தக் கூச்சலைத் தவிர்க்கும் மரியாதையை, வரிசைப்படுத்த ஒரு மேஸ்திரியும் இல்லாமலே, இந்த ஜடப் பொருள்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

இத்தகைய நல்ல ஏற்பாட்டை உண்டாக்கியவர்களே அதை ஆதரித்து வளர்க்கவில்லை என்பது என் மனத்தாங்கல். 2013-இல் வந்த ப்ளேஸ்டேஷன் 4-க்கு இவ்வசதி 2015-இல்தான் கிடைத்தது, ப்ளேஸ்டேஷன் 5-இல் அது இல்லவே இல்லை, டி.எல்.என்.ஏ. அமைப்பும் 2017-இல் கலைந்துவிட்டது. நம் வீட்டுப் படத்தை நாமே பார்ப்பதில் எவருக்கும் மாதச் சந்தா கிடைக்காதல்லவா! நாமும் லேசுப்பட்டவர்களல்லர்: புது ஆட்டம் ஓடவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக நல்ல பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அதே காரியத்துக்கு வேறொரு பெட்டி வாங்குகிறோம். அத்தி வரதர் மறுபடி எழுந்தருளப்போவது 2059-இல். அதற்குள் எத்தனை பெட்டிகள் பரணேறுமோ!

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பு எம்.கே.வி. வகையாயிருந்தால் ப்ளேஸ்டேஷன் 3 அதைத் தீண்டாது. உள்ளேயிருக்கும் படம் பெரும்பாலும் அதற்குத் தெரிந்த எச்.264 முறையில்தான் இருக்கும், மேலுறைதான் பழக்கமில்லாதது. படத்தைத் தொடாமல் உறையை மட்டும் எம்.பி.4 ஆக மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு. தரம் இம்மியும் குறையாது, வேலையும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.