முதலில் தூக்கம், பிறகு ஆசனம்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். "பால் நல்லா வருதா?" "பிள்ளை ராத்திரி தூங்குதா?" தாய் தூங்கினாளா என்று கேட்பவர் மிகக் குறைவு. அறிவியல் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் கேள்வியைத்தான்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஆவி சாதே என்ற தூக்க ஆய்வாளரின் குழு நடத்திய ஒரு சோதனை 2014-ல் வெளியானது. நல்ல உடல்நலமுள்ள மாணவர்களை ஓர் இரவில் நான்கு முறை தொலைபேசியில் அழைத்து எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் கணினியில் ஒரு சிறு வேலையை முடித்த பிறகே அவர்கள் மீண்டும் படுக்கலாம். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும், மறுநாள் காலையில் அவர்களுடைய கவனமும் மனநிலையும் நான்கு மணி நேரமே தூங்கியவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தன. அது ஒரே ஓர் இரவின் விளைவு. பச்சைக்குழந்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். பகல் எது, இரவு எது என்று அதன் உடம்புக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தாய்க்கு ஒவ்வோர் இரவும் அந்தச் சோதனை இரவுதான்.

இந்த நிலையில் இருக்கும் பெண்ணின் கைப்பேசிக்கு அறிவுரைகள் வந்து குவிகின்றன: யோகா செய்யுங்கள், தியானம் பழகுங்கள், மனத்தை இந்தக் கணத்தில் நிறுத்துங்கள். அறிவுரையில் குற்றமில்லை. யோகாவும் மன ஒருமுகப் பயிற்சியும் பிரசவித்த பெண்ணுக்கு உதவும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில், கணவர் வேலைக்குப் போன பிறகு குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு அது செய்து முடிக்காத இன்னொரு வேலையாகி, குற்ற உணர்வாகவும் மாறிவிடுகிறது. எதை எப்போது, எவ்வளவு, யாருடைய உதவியோடு செய்வது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் யோகாவை மட்டும் பரிந்துரைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

நம் மலேசியத் தமிழருக்கும் யோகாவுக்கும் உள்ள உறவு ஒரு தோட்ட மருத்துவமனை வழியாகச் செல்கிறது. 1887-ல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்தவர். 1913-ல் மலாயாவுக்கு வந்து நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். 1923-ல் இந்தியா திரும்பி, ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-ல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் மலேசியக் கிளை பத்துமலையில் இயங்குகிறது. ஆசனங்களை உலகெங்கும் கொண்டுசென்ற ஒருவர், அதற்கு முன் பத்தாண்டுகள் இந்த மண்ணில் மருத்துவராக இருந்தார். ஆளைப் பார்த்த பிறகே மருந்து எழுதுவது மருத்துவரின் ஒழுங்கு. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஆசனம் சொல்லும்போதும் அதே ஒழுங்கு வேண்டும்.

அந்த உடம்பில் என்ன நடந்திருக்கிறது? வயிற்றின் முன்புறத்தில் மேலிருந்து கீழாக இறங்கும் இரு தசைப் பட்டைகளை நடுவில் ஒரு தசைநார் இணைக்கிறது. குழந்தை வளர வளர அந்த நார் அகன்று, பட்டைகள் விலகுகின்றன. நார்வேயில் முதல் பிரசவம் கண்ட 300 பெண்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் 60 விழுக்காட்டினருக்கு இந்த விலகல் இருந்தது. ஆறு மாதத்தில் 45 விழுக்காடு. ஓராண்டு கழித்தும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அது முழுமையாகச் சேரவில்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகியும் வயிறு உள்ளே போகவில்லையே என்று கண்ணாடி முன் நின்று வருந்தும் பெண்களுக்கு இந்த எண்களை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே கால்களையும் தோள்களையும் ஒருசேரத் தூக்கும் நௌகாசனம், வயிற்றை வேகமாக உள்ளிழுக்கும் கபாலபாதி, தலைகீழாக நிற்பவை, இடுப்பைக் கடுமையாக முறுக்குபவை எல்லாம் தொடக்க வாரங்களுக்கு உரியவை அல்ல. ஒரு பயிற்சியின்போது வயிற்றின் நடுக்கோட்டில் கூம்பு போல மேடு எழுந்தால், தசை அந்தப் பாரத்தைத் தாங்கத் தயாராக இல்லை என்று பொருள். அதை நிறுத்திவிட வேண்டும். எளிமையானதிலிருந்தே தொடங்கலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை மெதுவாக வெளியே விடும்போது, சிறுநீரை அடக்குவது போல் அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளை உள்நோக்கி மேலே இழுத்து, பிறகு தளர்த்துவது. கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இந்தத் தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிப் பரப்பினார். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது என்று வெளியில் சொல்லக் கூச்சப்படும் பெண்களுக்கு இதுவே முதல் சிகிச்சை. சுகப்பிரசவமானால் வலி அனுமதிக்கும் அளவில் முதல் வாரத்திலேயே மெல்லத் தொடங்கலாம். ஆபரேஷன் செய்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, காயம் ஆறும் வேகத்தில் போக வேண்டும்.

மூச்சுக்கு வருவோம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரை ஜபமாலை செபத்தையும் ஒரு யோக மந்திரத்தையும் உச்சரிக்கச் செய்து அளந்து பார்த்தது. 2001-ல் முடிவுகள் வெளியாயின. எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற வேகத்துக்கு இறங்கியது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தில் இணைந்தன. அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடம்பின் அனிச்சைச் செயலும் கூர்மையானது. நீண்டு வெளியேறும் மூச்சு வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தைச் சற்று நிதானப்படுத்துகிறது. பச்சைக்குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். பயிற்சிக்கென்று தனி நேரம் தேட வேண்டாம். குழந்தை மார்பைப் பற்றியதும் தோள்களைத் தளர்த்தி, வெளிமூச்சை நீட்டிப் பத்து மூச்சு விட்டால் போதும். மனம் பதறினால் பாலை வெளிவரச் செய்யும் ஆக்சிடோசின் தடைபடுகிறது என்பதால், இந்தப் பத்து மூச்சு குழந்தைக்கும் பயன் தருவது. தாலாட்டு தெரிந்தவர்கள் பாடலாம். ஓர் அடியை இழுத்துப் பாடி முடிக்க மூச்சைத் தானாகவே நீளமாக விட வேண்டியிருக்கிறது.

மன ஒருமுகப் பயிற்சியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத நோயும் வலியும் உள்ளவர்களுக்காக அதைத் தொடங்கினார். எட்டு வாரங்கள், நாள்தோறும் முக்கால் மணி நேரம் என்பது அதன் வடிவம். கைக்குழந்தைக்காரிக்கு முக்கால் மணி நேரம் ஏது? அவள் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலையையே பயிற்சியாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு, அழும் குழந்தைகளைத் தாய்மார் தூக்கி நடந்தபோதும், உட்கார்ந்தபோதும், படுக்கையில் கிடத்தியபோதும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தது. 2022-ல் வெளியான அதன் முடிவு: ஐந்து நிமிடம் நிற்காமல் சீராக நடந்தால் அழுகை அடங்குகிறது, பல குழந்தைகள் உறங்கியும் விடுகின்றன. உறங்கியதும் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்தால் விழிப்பது குறைகிறது. அந்த ஐந்து நிமிட நடையில் பாதம் தரையில் படுவதையும் குழந்தையின் எடை கையில் அமர்வதையும் கவனித்து நடந்தால், அதுவே நடைத் தியானம்.

யோகாவுக்கு நேரடிச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த 57 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் யோகா கற்பித்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் யோகா செய்தவர்கள் கூடுதலாகவும் விரைவாகவும் தேறினார்கள். ஆனால் அது சிறிய ஆய்வு. ஆசிரியையும் குறித்த நேரமும், அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஏற்பாடும் இருந்தால்தான் அப்படிப் பழக முடியும் என்பதை மறக்கக் கூடாது.

பிரசவமான மூன்றாம் நாள்வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பலருக்கு நேர்கிறது. கர்ப்ப காலத்தில் உச்சத்துக்கு ஏறிய ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாள்களிலேயே வீழ்ந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். தணியாமல் நீடிப்பது மனச்சோர்வு நோய். பிள்ளை பெற்ற பெண்களில் உலக அளவில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் ஐவரில் ஒருவரும் மனநலச் சிக்கலுக்கு ஆளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தமிழ்ப் பெண்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு வேலூரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கடைசி மூன்று மாதத்திலும், பிள்ளை பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் நேரில் கண்டு பேசினார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணிகள் என்று அது கண்டவற்றைப் படிக்கும்போது நம் வீடுகளே கண்முன் வருகின்றன: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாமை. இவற்றில் எதையும் ஆசன விரிப்பில் உட்கார்ந்து அவள் தனியாகத் தீர்த்துக்கொள்ள முடியாது. நான்கு பேர் கூடி மாற்ற வேண்டியவை இவை.

நோயை அடையாளம் காண 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோல் பத்தே கேள்விகள் கொண்டது. அதன் தமிழ் வடிவம் சோதிக்கப்பட்டு 2005-ல் வெளியானது. மலாய் வடிவமும் உண்டு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதன் கடைசிக் கேள்வி. அதற்கு ஆம் என்று பதில் வந்தால் மற்றக் கேள்விகளின் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. இல்லாத குரல் கேட்பதும், குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கை எழுவதும் ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் கடும் நோயின் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்த நிலையில் யோகா சிகிச்சைக்கு ஈடாகாது. பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன. பேசுவதற்கு ஆள் தேவைப்பட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் அழைப்பு எண் 15555. வீடு தேடி வரும் கிளினிக் மிஸ்ஸியிடம், "எனக்கு மனசு சரியில்ல மிஸ்ஸி" என்று சொன்னாலும் போதும்.

நம் பத்தியம் இந்த இடத்தில்தான் கவனத்துக்கு வருகிறது. கிள்ளானில் மூன்று சமூகங்களும் இதைத் தத்தம் வழியில் காக்கின்றன. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் இருந்து, வயிற்றில் பெங்குங் துணி கட்டி, உருட் பிடித்துவிடுகிறார்கள். சீனர்கள் முப்பது நாள் இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்துச் சமைக்கிறார்கள். நம் வீட்டில் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் இடித்த பிரசவ மருந்து, தலைக்கு ஊற்றிச் சாம்பிராணிப் புகை. மருந்துச் சரக்குகள் ஒவ்வொன்றின் பலனைப் பற்றியும் வாதிடலாம். ஆனால் மூன்று முறைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பெற்றவள் படுத்திருக்க, வேறு ஒருத்தி சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள். வேலூர் ஆய்வு சுட்டிய குறையைப் பாட்டிமார் வழக்கமாகவே நிரப்பி வைத்திருந்தார்கள்.

விட வேண்டியவையும் உண்டு. "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று தாயைத் தாகத்தோடு வைப்பது தவறு. தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர்தான். நாள் முழுக்க அசையாமல் படுக்க வைத்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். பிரசவத்தை அடுத்த ஆறு வாரங்களில் அந்த ஆபத்து அதிகம். வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்கவே கூடாது.

தோட்டக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போனாள். அந்த வாழ்க்கையை அழகுபடுத்தத் தேவையில்லை. பச்சை உடம்போடு ரப்பர்க் காட்டில் நின்றவர்கள் அவர்கள். ஆனாலும் லயத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஒருத்தி வந்தாள். இன்று பக்கத்து வீட்டுக் கதவு இரும்புக் கிரிலுக்குப் பின்னால் பூட்டியிருக்கிறது. அந்தத் துணை போன இடத்தை ஓரளவு சட்டம் நிரப்புகிறது. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். கணவருக்கு ஏழு நாள் விடுப்பு. அதையும் தொடர்ச்சியாகவே எடுக்க வேண்டும்.

ஏழு நாள் முடிந்த பிறகும் கணவர் கையில் இரவு இருக்கிறது. பால் ஊட்டுவது பழகிய பின், ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும். ஒரு மணி வரை எழும் குழந்தையை அவர் தூக்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும், பிழிந்து வைத்த பாலைக் கொடுக்கட்டும், துணி மாற்றட்டும். கணவர் காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய நாள்களில் அம்மாவோ மாமியாரோ அந்த நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையில் ஆசனம் செய்ய அவளுக்குத் தெம்பு இருக்கிறதா என்று அப்போது கேட்கலாம்.