குதிரை மனிதனும் குருவானவரும்

"சாமி, பாதி மனிதன், பாதி குதிரையாக விண்மீன்களை வரைந்திருக்கிறார்களே, அதைப் பார்ப்பது பாவமா?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஆம்பூர்ச் சிறுவன் ஒருவன் வினவினான்.

பழைய வினாதான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1603-இல் யோகான் பாயர் வெளியிட்ட 'உரானோமெட்ரியா' என்னும் நூலில் 51 விண்மீன் படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டிருந்தன. குதிரை மனிதன், சிறகுக் குதிரை, கடற்பூதம் எனக் கிரேக்கரின் கற்பனை உயிர்கள் அவற்றில் நிறைந்திருந்தன. இவற்றை மாற்ற விரும்பிய யூலியுஸ் ஷில்லர், 1627-இல் அதே நகரில் கிறிஸ்தவ வான்நூல் ஒன்றை வெளியிட்டார். பன்னிரு இராசிகளும் பன்னிரு அப்போஸ்தலர்கள் ஆயின. பெருங்கரடி புனித இராயப்பரின் படகாயிற்று. ஆர்கோ கப்பல் நோவாவின் பேழையாயிற்று. பக்தி மிக்க முயற்சியே! ஆயினும் உலகம் பழகிய பெயர்களை விடவில்லை.

அதனால் விசுவாசத்திற்குக் கேடு விளைந்ததா? 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார் சேசு சபைக் குரு ழான் ரிஷோ. குதிரை மனிதனின் காலடியில் ஒளிரும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று தொலைநோக்கி வழியே முதன்முதலாகக் கண்டவர் அவரே. படத்தின் பெயர் அவருடைய செபத்தைக் குலைக்கவில்லை.

படத்தை வரைந்தவன் மனிதன். விண்மீனைப் படைத்தவர் ஆண்டவர். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், புத்தகத்தை மட்டும் பிடுங்குவதில் பயனில்லை.

பெற்றோரே, காவலூர் வானாய்வகம் நம் ஜவ்வாது மலையிலேயே உள்ளது. மே மாத இரவொன்றில் பிள்ளைகளோடு மாடிக்குச் செல்லுங்கள். தென்வானில் தாழ்வாக மின்னும் அவ்விண்மீனைக் காட்டுங்கள். பின்னர்க் குடும்ப செபத்தைத் தொடங்குங்கள்.