உங்களுக்குத் தெரியுமா? – புயல் போன பின் வரும் பணம்

● அமெரிக்காவில் புயல் அடித்தவுடன் தரும் முதல்கட்ட உதவிக்கு ‘ஃபீமா’ என்ற மத்திய அமைப்பிடம் நிதி இருக்கிறது. ஆனால் வீடுகளையும் ஊர்களையும் திரும்பக் கட்ட வழங்கும் பெரிய மானியத்துக்கு நிலையான சட்டம் இல்லை. நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் தனியாக நிதி ஒதுக்க வேண்டும். சாண்டி புயல் கரையைக் கடந்தது 2012 அக்டோபர் 29. சுமார் 5,000 கோடி டாலருக்கான சட்டம் கையெழுத்தானது 2013 ஜனவரி 29. வீடிழந்தவர்கள் காத்திருந்தது கடுங்குளிர் மாதங்களில்!

● கத்ரீனா (2005) புயலுக்குப் பின் லூசியானா மாநிலம் கொண்டுவந்த ‘ரோட் ஹோம்’ திட்டத்தில், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். வீட்டின் பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. இரண்டு வீடுகளுக்கும் ஒரே அளவு, ஒரே சேதம், பழுதுச் செலவு ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் பகுதியில் உள்ள வீட்டின் மதிப்பு இரண்டு லட்சம். அதற்கு முழுச் செலவும் கணக்கில் வரும். கறுப்பினத்தவர் பகுதியில் உள்ள வீட்டின் மதிப்பு அறுபதாயிரம். கணக்கு அங்கேயே நின்றுவிடும். சிமெண்டும் மரமும் இரு பகுதியிலும் ஒரே விலைதானே? இது அப்பட்டமான அநீதி. 2008-இல் வழக்கு போடப்பட்டு, 2011-இல் 6.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது.

● அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவில் தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் பெயருக்கு மாற்றாமலே குடியிருப்பது சகஜம். 2017-இல் மரியா புயல் கூரையைக் கொண்டுபோனதும், “பத்திரம் எங்கே?” என்று கேட்டுப் பல்லாயிரம் மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். உரிமையாளரே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்க ஃபீமா விதியைத் திருத்தியது 2021-இல்தான்.

● 2024-இல் அமெரிக்காவைத் தாக்கிய ஹெலீன் புயலின்போது உணவு, குடிநீர், மருந்து வாங்க உடனடியாகத் தரப்பட்ட 750 டாலர், திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்று வதந்தி பரவியது. அது கடனே அல்ல.

● கரீபியத் தீவு நாடான கிரெனடாவை 2004-இல் ஐவன் புயல் சிதைத்தது. நாட்டின் ஆண்டு வருமானத்தைப் போல இரு மடங்கு இழப்பு. 2007-இல் கரீபிய நாடுகள் கூட்டாகக் காப்பீட்டு நிதி தொடங்கின. இதில் சேதத்தை யாரும் வீடு வீடாக வந்து பார்ப்பதில்லை. காற்றின் வேகம் போன்ற அளவுகளை வைத்துக் கணக்கிட்டு, 14 நாளுக்குள் அரசுக்குப் பணம் தருவார்கள். 2024 பெரில் புயலுக்குக் கிரெனடா பெற்றது 4 கோடி டாலருக்கும் மேல். அதோடு, பெரும்புயல் வந்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று கடன் பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருந்தது. அந்த உரிமையையும் பயன்படுத்திக்கொண்டது.